மூன்று வயது பாலிசியின் கண்புரை

குருவம்மாள் அத்தையின் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் பாலிசிக்கு முதன்முதலாகக் காய்ச்சல் வந்தது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை. சாமி படங்களுக்குப் பூ மாற்றப் போன அத்தையின் விரல் தற்செயலாக அதன்மேல் பட்டு, "ஆத்தாடி, இது என்ன இப்படிக் கொதிக்குது" என்று அவள் கையை இழுத்துக்கொண்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அது சோர்ந்துதான் கிடந்தது, மூலைகள் தொங்கியிருந்தன, மின்விசிறி போட்டால் எப்போதும் படபடவென்று அடித்துக்கொள்ளும் முதல் பக்கம் அசையாமல் கிடந்தது, ஆனால் ஆடிக்காற்றுப் புழுதி ஏறிக் கனத்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாமா புறங்கையை வைத்துப் பார்த்தார். பேச்சிமுத்து மாமா முப்பத்தொரு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர், எந்த மெஷின் எவ்வளவு சூடு என்று தொட்டே சொல்லுவார்.

"நூத்திரெண்டு இருக்கும்" என்றார்.

காகிதத்துக்குக் காய்ச்சல் வருமா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. வந்துவிட்ட காய்ச்சலை யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஈரத்துணியை மேலே போடுவதா கூடாதா, போட்டால் மை கரையுமா என்பதுதான் அன்று காலை எங்கள் கவலையாக இருந்தது.

அந்தப் பாலிசி எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது மூன்றரை வருஷத்துக்கு மேல். கொண்டுவந்தவர் பரமகுரு. மாமாவின் தங்கை மகளைக் கட்டியவர், ஆகவே வீட்டுக்கு மாப்பிள்ளை. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் கோவில்பட்டிப் பக்கத்தில் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டுதான் அந்தக் கம்பெனி ஊருக்கு ஊர் மாப்பிள்ளைகளாகப் பார்த்து ஏஜெண்ட் வேலை கொடுத்திருக்கிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

நாற்பத்தேழு பக்கம். ஆங்கிலம். கடுகில் பாதி எழுத்து. அவர் அதைக் கொண்டுவந்தபோது நான் பி.காம். முடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. என் அப்பா வீட்டிலும் சரி, நான் தங்கிப் படித்த இந்த அத்தை வீட்டிலும் சரி, பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மாத்திரை அட்டையிலிருந்து கேஸ் ஏஜென்சி நோட்டீஸ் வரை ஆங்கிலத்தில் எது வந்தாலும் என் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அன்றும் பார்த்தார்கள். நான் ஆறாம் பக்கத்தில் இருந்தேன். அங்கே ஒரு வாக்கியம் பதினோரு வரி ஓடியது, அதன் முடிவுக்கு வரும்போது தொடக்கம் எனக்கு மறந்துபோனது, திரும்ப மேலே போனேன், திரும்ப இறங்கினேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அத்தை பரமகுருவின் காப்பிக்கு வைத்த பாலை மறந்துபோக, அது பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது.

"பட்டம் வாங்குன புள்ளைக்கு இதுக்குப் போயி இம்புட்டு நேரமா, செண்பகம்?" என்றாள் அத்தை, அடுப்பைத் துடைத்தபடி. அவள் திட்டவில்லை, பெருமையாகத்தான் சிரித்தாள். ஆனால் எனக்குக் காது சுட்டது. ஒரு பட்டதாரி என்ன வேகத்தில் பக்கம் திருப்புவாளோ அந்த வேகத்தில் மிச்ச நாற்பத்தொரு பக்கத்தையும் திருப்பி முடித்தேன்.

"படிச்சிட்டேன் அத்தை. நல்லாத்தான் இருக்கு."

அத்தை கையெழுத்துப் போட்டாள். பிறகு புதுச் சேலைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் செய்வதைப் போல பாலிசியின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, சாமி படங்களுக்கு நடுவே வைத்தாள். மஞ்சள் பூசி உள்ளே வைத்த பிறகு அது வீட்டு ஆள்தானே, வீட்டு ஆளுக்குக் காய்ச்சல் வராதா என்றுதான் பின்னால் தெருவில் பேசிக்கொண்டார்கள். காரணத்தைப் பற்றி எங்கள் தெரு அதற்குமேல் யோசித்ததாகத் தெரியவில்லை.

அத்தைக்கு அப்போதே இடது கண்ணில் புகை மாதிரி இருந்தது. "ரெண்டு வருஷம் பொறுங்க அத்தை, ஏசி ரூம்ல படுக்கவச்சு ஆபரேஷன் பண்ணிருவோம்" என்று பரமகுரு சொல்லியிருந்தார். இரண்டு வருஷம் ஆனதும் "இன்னும் கொஞ்சம்" என்றார். அத்தை என்னைப் பார்த்தாள். "அப்படித்தான எழுதியிருக்கு?" நான் "ஆமா அத்தை" என்றேன். மாமாவுக்கு மில்லில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தின் வட்டியும் அத்தையின் கூலியும் சேர்ந்து வருஷா வருஷம் பாலிசிக்குப் போனது. புகை வலது கண்ணுக்கும் வந்தது.

அத்தைக்குக் கடலைமிட்டாய்க் கடையில் பருப்பு பொறுக்கும் வேலை. வறுத்த பருப்பில் கல்லும் சொத்தையும் இல்லாமல் எடுக்கவேண்டும். இருபது வருஷமாக அவள் கையைத் தாண்டி ஒரு கல் போனதில்லை. இந்த வருஷம் சித்திரையில் ஒன்று போனது. மிட்டாயைக் கடித்தவர் ஒரு ரிட்டயர்டு தாசில்தார், உடைந்த கட்டுப்பல்லை ஒரு பொட்டலத்தில் மடித்துக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். "அக்கா, நீங்க கொஞ்ச நாள் பாக்கெட் ஒட்டுங்க" என்றார் முதலாளி. பாக்கெட் ஒட்டுவது முதல்நாள் வேலைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் வேலை. அத்தை வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள்.

இலவச முகாமுக்குப் போகலாம் என்று நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"காசு கட்டுன எடத்த விட்டுட்டு ஓசியில போயி நிக்கவா? அந்தக் கட்டில நெசமாவே இல்லாதவுகளுக்கு விடு" என்றாள்.

பாலிசிக்குக் காய்ச்சல் வந்தது இந்த நிலைமையில்தான்.

மாமா அதை ஒரு துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் பெயர் எழுதுகிற பெண், "பேஷண்ட் வயசு?" என்றாள். மூன்று என்றதும் குழந்தை டாக்டரிடம் அனுப்பிவிட்டாள். அவர் பன்னிரண்டாம் பக்கத்துக்கும் பதின்மூன்றாம் பக்கத்துக்கும் நடுவில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, வைரல் காய்ச்சல் என்றும் ஐந்து நாளில் போய்விடும் என்றும் சொல்லி, ஒரு சிரப் எழுதினார்.

"இன்சூரன்ஸ் ஏதும் இருக்கா?" என்றார் கடைசியில்.

"இதுதான் சார் இன்சூரன்ஸ்" என்றார் மாமா, மடியில் கிடந்ததைக் காட்டி.

டாக்டர் தலையாட்டிவிட்டு முழு ஃபீஸையும் வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் ஒருவர் படுத்துவிட்டால் ஹார்லிக்ஸ் பாட்டிலோ ரொட்டியோ நாலு சாத்துக்குடியோ இல்லாமல் யாரும் படியேற மாட்டார்கள். வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "ராத்திரி தூங்குச்சா?" என்று கேட்பார்கள், பிறகு தன் கொழுந்தனாருக்கு இதே மாதிரி வந்ததையும் அவர் போன டாக்டரின் பெயரையும் சொல்லுவார்கள். பாலிசி கட்டிலில் கிடந்தது. தலையணையும் வைத்திருந்தோம். ஹார்லிக்ஸை மாமா குடித்தார், மூன்று வாரத்தில் அவர் எடை கூடியது.

எதிர்வீட்டு பாக்கியம் அக்கா மட்டும் கொஞ்சம் குத்தலாகப் பேசினாள். "ஏ குருவம்மா, நீ படுத்தா அது பாக்கணும்னுதான அத வாங்குன? இப்ப அது படுத்து நீ பாக்குற."

"அதுக்கு என்னடி தெரியும், பச்ச மண்ணு" என்றாள் அத்தை. "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அதுதான வந்து நிக்கும்."

காய்ச்சல் விட்டது. ஆவணியில் மூட்டுப் பிடித்துக்கொண்டது, நடுவில் மடிக்கவே முடியவில்லை, மடித்தால் நறநறவென்று சத்தம் வந்தது, மாமா தன் முட்டிக்குத் தேய்க்கும் எண்ணெயை அதற்கும் இரண்டு சொட்டு தேய்த்தார். அது போவதற்குள் ஸ்டேப்ளர் பின்னுக்குக் கீழே ஒரு புடைப்பு வந்தது. பார்த்த எல்லோரும் குடலிறக்கம் என்றார்கள். செலவு ஏறிக்கொண்டே போக, ஒருநாள் பரமகுருவை வரச்சொன்னோம். அவர் வந்து, பாலிசியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, உச்சுக்கொட்டி, கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"பாதிக்கப்பட்டவர் பாலிசிதாரரா சார்?" என்றது ஒரு பெண் குரல்.

"இல்லம்மா, பாலிசி."

டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. "பாலிசிக்குத் தனியா பாலிசி எடுத்திருக்கீங்களா சார்?"

"இல்லம்மா."

"அப்போ கவர் ஆகாது சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

பரமகுரு போனை வைத்துவிட்டுப் பையைத் திறந்தார். "இதுக்குத்தான் அத்தை, ஒரு துணைப் பாலிசி இருக்கு. சின்னதுதான். இதுக்கு ஒண்ணுன்னா அது பாத்துக்கும்."

"அதுக்கு ஒண்ணுன்னா, மாப்ளே?" என்றார் மாமா.

பரமகுரு பையை மூடிவிட்டு, கார்த்திகை பத்தாம் தேதி புதுப்பிக்கவேண்டிய நாள் என்பதையும், ஒருநாள் தவறினாலும் பாலிசி செத்துப்போய்விடும் என்பதையும் ஞாபகப்படுத்திவிட்டுப் போனார். செத்துப்போய்விடும் என்ற சொல் அத்தையை என்னவோ செய்துவிட்டது. ராத்திரி எழுந்து எழுந்து அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் அதற்குக் கண்புரை வந்தது.

முதலில் ஓரங்களில், பிறகு நடுவில், ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்துகளின் மேல் பால் ஆடை படிந்ததைப் போல ஒரு வெள்ளை ஏறியது. பத்து நாளில் நாற்பத்தேழு பக்கமும் மூடிவிட்டது. வெளிச்சத்தில் காட்டினாலும் ஓர் எழுத்துத் தெரியவில்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி என்பதை நான் எழுதியாகவேண்டும். இனிமேல் யாராலும் அதைப் படிக்க முடியாது. நான் படிக்கவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது. இந்த மூன்று வருஷத்தில் எத்தனையோ தடவை அதை எடுத்துப் படித்துவிட நினைத்திருக்கிறேன், அத்தை பார்த்துவிட்டு "அதான் படிச்சிட்டியே, திரும்ப என்ன?" என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்திலேயே கையை எடுத்திருக்கிறேன். அந்தப் பயம் ஒழிந்தது என்று இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் தீப்பெட்டி ஆபீசில் பில் போடும் வேலை முடிந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அத்தை எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு சுளகில் பருப்பு. அதில் அவளே பொடிக்கல்லைக் கலந்து வைத்திருந்தாள். ஒன்று ஒன்றாக எடுத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தெரியாமல், நாக்கு நுனியில் வைத்து, பருப்பென்றால் இடதுபக்கமும் கல்லென்றால் வலதுபக்கமும் போட்டாள். பழைய வேலைக்குத் திரும்பிப்போகப் பழகிக்கொண்டிருந்தாள். இடதுபக்கம் நான்கு கல் கிடந்ததை நான் பார்த்தேன்.

அன்று ராத்திரி நான்தான் பேச்சை எடுத்தேன்.

"அத்தை, பாலிசிக்கு முத்திப்போச்சு. அதுக்கு அதுவே காசு கொடுக்காதுன்னு கம்பெனிக்காரி சொல்லிட்டா. அதுக்கு எலவச முகாம்தான் வழி. ஞாயித்துக்கிழமை கல்யாண மண்டபத்துல நடக்குது."

"கூட்டிட்டுப் போ."

"மூணு வயசுப் புள்ளைய நான் மட்டும் கூட்டிட்டுப் போனா சேத்துக்க மாட்டாங்க. வீட்டுப் பெரியவுக நீங்கதான் வரணும்."

அத்தை பாலிசியின் மேல் துண்டை இழுத்துவிட்டாள். "துணைக்குத்தான் வாரேன்" என்றாள்.

முகாமில் நோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவர், "பேரு?" என்றார்.

"குருவம்மா, அறுபத்திமூணு. இது பாலிசி, மூணு முடிஞ்சு நாலு நடக்குது."

அவர் அத்தையின் மணிக்கட்டில் ஒரு நம்பர் பட்டையைக் கட்டினார், இன்னொன்றைப் பாலிசியின் ஓட்டையில் கோத்துக் கட்டினார். உள்ளே ஒரு சின்ன வயது டாக்டர், முதலில் பாலிசிக்கு டார்ச் அடித்துப் பார்த்தாள், பிறகு என்ன நினைத்தாளோ அத்தையின் முகவாயைத் தூக்கி அவள் கண்ணிலும் அடித்தாள்.

"ரெண்டு பேருக்குமே நல்லா முத்தியிருக்கும்மா. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

"இது வரட்டும்னு நான் இருந்தேன்" என்றாள் அத்தை. "இது எதுக்கு இருந்துச்சுன்னு தெரியல."

"ரெண்டு பேரும் மதுரை ஆஸ்பத்திரி பஸ்ஸில ஏறுங்க" என்றாள் டாக்டர். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள், ஆனால் பின்னால் வரிசை நெருக்கியது, பாலிசி வேறு அவள் இடுப்பில் இருந்தது, ஏறிவிட்டாள்.

மதுரையில் ஒரே நாளில் இரண்டு பேருக்கும் ஆபரேஷன் நடந்தது. பெண்கள் வார்டில் அடுத்தடுத்த பாயில் இரண்டு பேரும் கட்டோடு படுத்திருந்தார்கள், அத்தைக்கு இடது கண்ணில், பாலிசிக்கு முதல் பக்கத்தில். ராத்திரி அத்தை கையை நீட்டி நீட்டி அது இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

காலையில் நர்ஸ் கட்டைப் பிரித்தாள். அத்தை முதலில் சுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, "ஏ புள்ள, இப்படியா மெலிஞ்சுபோயிட்ட?" என்றாள். பிறகு பாலிசியைப் பிரித்தார்கள்.

வெள்ளை போய்விட்டிருந்தது. ஒவ்வோர் எழுத்தும் கடலைப்பருப்பு அளவுக்கு இருந்தது, எல்லாம் தமிழில் இருந்தது. எழுத்து அவ்வளவு பெரிதாகியும் நாற்பத்தேழு பக்கத்துக்கு மேல் போகவில்லை. மொத்தத்தில் சொல்ல இருந்த விஷயம் அவ்வளவுதான் போலிருக்கிறது. அத்தை ஐந்தாவது வரை படித்தவள். பஸ் போர்டு படிப்பதைப் போல விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள், வார்டில் இருந்த எல்லாப் பெண்களும் பாயில் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

"கண்... புரைக்கு... நான்கு ஆண்டுகள் வரை... ஒன்றும் தரப்படாது. அதன் பிறகும்... கண் ஒன்றுக்கு... ஐயாயிரத்துக்கு மேல்... தரப்படாது."

அவள் நிறுத்தவில்லை. மூட்டு, தரப்படாது. குடலிறக்கம், தரப்படாது. வெளிநோயாளியாகப் பார்க்கும் காய்ச்சல், தரப்படாது. இந்த நான்கு மாதத்தில் பாலிசிக்கு வந்த எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன.

"பாவம்" என்றாள் அத்தை. "தனக்கு வந்த அம்புட்டையும் தானே தள்ளி வச்சிருக்கு."

எட்டயபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, "எங்க வீட்டு பீரோவுலயும் இப்படி ஒண்ணு கெடக்கு, அதுக்கும் கண்ணக் காட்டணும்" என்றாள். அப்புறம் நான் கேள்விப்பட்டது, தை மாத முகாமில் பாலிசிகளுக்கென்று தனி வரிசை போட்டார்களாம்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். அந்தப் புதுக் கண் அவ்வளவு தெளிவாக இருந்தது, என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"நீ படிச்சேல்ல?"

"ஆறு பக்கம், அத்தை."

"மிச்சம்?"

"திருப்பினேன்."

அவள் பாலிசியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கோவில்பட்டி வந்து சேரும் வரை பேசவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது நாள், உப்புப் போதுமா என்று கேட்டாள், ஆபீசுக்குக் குடை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள், இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் எங்கே பார்க்கிறாள் என்றும் எனக்குத் தெரியவில்லை. அவள் இனிமேல் எந்தக் காகிதத்தையும் என்னிடம் கொடுக்கமாட்டாள் என்று நினைத்தேன். மின்சார பில் வந்தபோது அதை எடுத்துக்கொண்டு அவள் பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனதைப் பார்த்தேன்.

கார்த்திகை பத்தாம் தேதி காலையில் பரமகுரு வந்தார். அத்தை அவர் காப்பிக்குப் பால் வைத்தாள்.

"இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள கட்டணும் அத்தை, இல்லன்னா செத்துப்போயிரும்."

"அதெல்லாம் சாகாது மாப்ளே, நல்லாத் தேறிருச்சு" என்றாள் அத்தை. உள்ளே போய்ப் பாலிசியை எடுத்துவந்து, புதிதாக மஞ்சள் குங்குமம் வைத்து, அரைக்கிலோ கடலைமிட்டாயோடு அவர் மடியில் வைத்தாள், பேறுகாலம் முடிந்த பெண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்புவதைப் போல. "நோக்காட்டோட இருந்துச்சு, பாத்து அனுப்புறேன். இனி உங்க கம்பெனியில வச்சுப் பாத்துக்கங்க. கண்ணு நல்லாத் தெரியுது. யாரு படிக்கச் சொன்னாலும் படிச்சுக் காட்டும்."

பரமகுரு முதல் பக்கத்தைத் திறந்தார், உடனே மூடினார். கொஞ்சம் வேர்த்தது அவருக்கு. ஆனால் தொழில் தெரிந்தவர். பையைத் திறந்து இன்னொன்றை எடுத்தார்.

"சரி அத்தை, அது பழசு. இது புதுத் திட்டம். எடுத்த எடுப்புலயே எல்லாம் கவர் ஆகும். இங்க ஒரு கையெழுத்துப் போதும்."

அறுபத்திரண்டு பக்கம். ஆங்கிலம். அத்தை அதை வாங்கினாள். மஞ்சளை எடுக்கவில்லை. நேராக வந்து என் கையில் வைத்தாள்.

மாமா என் முகத்தைப் பார்த்தார், பரமகுரு பார்த்தார், வாசலில் நின்ற பாக்கியம் அக்கா பார்த்தாள். அடுப்பில் பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. என் விரல் தானாக வேகமாகப் பக்கத்தைத் திருப்பப் போனது.

அத்தை போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, காப்பி?" என்றார் பரமகுரு.

"படிச்சு முடிக்கட்டும் மாப்ளே. நேரமாகும், வண்டிய நெழல்ல நிப்பாட்டிட்டு வாங்க" என்றாள். பிறகு என்னிடம், "மொதப் பக்கத்துல இருந்து, தாயி. புரியலன்னா நிறுத்து, திரும்பப் படி. நாங்க எங்கயும் போகல."